கைப்பிடியை இழுத்தது யார்?

2017 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. ஹூஸ்டனுக்கு மேற்கே, நகரம் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் மைதானம். காதடைப்பான் மாட்டியிருந்தாலும் ஒவ்வொரு குண்டு வெளியேறும்போதும் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டும். என் மூன்றாவது குண்டுக்கு அந்தத் தட்டு வரவில்லை. நமுத்துப்போன பட்டாசுபோலப் 'பொட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரிவால்வர் கையில் துள்ளவும் இல்லை. பழகிய விரல் அடுத்த குண்டுக்காக விசையை நோக்கி நகர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளை இறுகப் பிடித்து, "நிறுத்து! கீழே வை" என்றார்.

தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, துடைக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டோம். பாதி தூரம் போனதும் முட்டிக்கொண்டு நின்றது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். என் விரல்கள் போயிருக்கலாம், அவருடைய கண் போயிருக்கலாம். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அந்தத் தோட்டா கடையில் வாங்கியதல்ல. நான் என் வீட்டு கராஜில் உட்கார்ந்து செய்தது.

நம் ஊரில் இதைச் சொன்னால் திகைப்பார்கள். உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்திருப்பவரையே நம்மில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டோம். அமெரிக்காவில் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, மறுபடி தோட்டாவாக்கிச் சுடுவது லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் எதுவும் வேண்டாம், விற்கப்போனால்தான் வேண்டும். கூட்டைக் கழுவி மெருகேற்ற வேண்டும். சூட்டில் விரிந்திருக்கும் கூட்டை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் தீப்பொறி தரும் சிறிய பிரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து ஊற்றி, வாயில் குண்டை வைத்து அழுத்த வேண்டும். காசு மிச்சமாகும் என்று சொல்லித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பிறகு அந்த வேலையின் அமைதிக்காகவே தொடர்கிறார்கள். நானும் அப்படித்தான். வாரம் முழுவதும் தொலைபேசியும் கூட்டமுமாக ஓடிய மனது, ஐம்பது பித்தளைக் கூடுகள் வரிசையாக நிற்கும் அந்த மரப்பலகையின் முன்னால் அடங்கிவிடும்.

இதில் இரண்டு பிழைகள்தான் ஆளைக் கொல்லும். ஒரு கூட்டில் மருந்தை இரண்டு முறை ஊற்றிவிடுவது; ஒரு கூட்டில் ஊற்றாமலே விட்டுவிடுவது. முதலாவது துப்பாக்கியைக் கையிலேயே சிதறடிக்கும். இரண்டாவதில் பிரைமரின் பலம் மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளிவிட்டு நிற்கும். எனக்கு நேர்ந்தது இரண்டாவது.

"மருந்து அளக்கும் கருவியில் ஏதோ அடைத்திருக்க வேண்டும் சார்" என்றேன். டெக்ஸஸில் பெரியவர்களை 'சார்' என்று அழைப்பது இன்னும் வழக்கம்தான். எனக்கும் அது எளிது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சிக்கிய குண்டைத் தட்டியெடுக்க மெல்லிய பித்தளைக் கம்பியைத் தேடிக்கொண்டே கேட்டார்: "கருவியின் கைப்பிடியை இழுத்தது யார்?"

அதற்குப் பதில் தேவையில்லை. ஆனால் நான் உண்மையில் அந்தக் கேள்வியோடு எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

பெரியவர் என் பக்கத்து வீட்டுக்காரர். மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் அதே எண்ணெயை நம்பிப் பிழைப்பவன்தான், ஆனால் கரையில். எண்ணெய்க் குழாய்களில் பொருத்தும் வால்வுகளைச் சோதித்து அனுப்பும் பட்டறையில் எனக்கு வேலை. வால்வுக்குள் நீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி, குறிப்பிட்ட நேரம் அப்படியே வைத்திருப்போம். வட்டத் தாளில் ஒரு பேனா மெல்ல நகர்ந்து கோடு போடும். கோடு சரியாமல் போனால் வால்வு தேறியது. நூலளவு சரிந்தாலும் தேறவில்லை. புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கோடு சரிந்தால் காரணம் யோசிக்காதே, முதலில் தோல்வி என்று எழுது, காரணத்தைப் பிறகு தேடு.

2010 ஏப்ரல் 20 அன்று லூசியானா கடற்கரையிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி, 5,000 அடி ஆழக் கடலின் மேல் மிதந்துகொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் மேடையில் இதன் தலைகீழ் நடந்தது. மக்கோண்டோ என்ற அந்தக் கிணற்றைத் தோண்டி முடித்து, சிமெண்ட் இட்டு அடைத்து, தற்காலிகமாக மூடிவிட்டுப் போகும் வேலை. அடைப்பு நிற்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கிணற்றை மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் கனமான சேற்றுக் கலவையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கடல்நீரை விடுவார்கள். பிறகு உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். அடைப்பு நல்லதாக இருந்தால் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். கீழேயிருந்து எண்ணெயும் வாயுவும் கசிந்தால் முள் ஏறும்.

ஏறியது. துளையிடும் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு வரை ஏறி நின்றது. அதே கிணற்றோடு இணைந்த இன்னொரு சிறு குழாயைத் திறந்து பார்த்தபோது அதில் ஓட்டம் இல்லை. ஒன்று கசிவு என்கிறது, மற்றொன்று இல்லை என்கிறது. கனமான சேறு மேலிருந்து அழுத்துவதால் இப்படி ஒரு மாயத் தோற்றம் வரும் என்று மேடையில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, இரவு எட்டு மணியளவில் சோதனை தேறியதாக முடிவு செய்யப்பட்டது. 9:49-க்கு மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். அன்று மாலை அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் சிலரும் அவர்களில் அடக்கம். மேடை இரண்டு நாள் எரிந்து மூழ்கியது. கிணற்றை அடைக்க 87 நாட்களாயின.

இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு நடந்தது. இரவு 8:52-க்கு, கிணற்றின் சொந்தக்காரரான, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பி.பி. நிறுவனத்தின் மேடை மேற்பார்வையாளர் ஒருவரும் ஹூஸ்டனில் இருந்த அந்நிறுவனப் பொறியாளர் ஒருவரும் பேசினார்கள். அந்தச் சோதனையைப் பற்றித்தான் பேச்சு. முறையாக அமைத்த சோதனையில் ஒரு குழாயில் அழுத்தமும் மற்றொன்றில் பூஜ்யமும் இருக்க வழியில்லை என்பதை ஹூஸ்டன் பொறியாளர் சொல்லியிருக்கிறார். மேடையில் இருந்தவர் தமக்குத் திருப்தி என்றிருக்கிறார். பேச்சு முடிந்தது. மேடையின் அளவீடுகள் உடனுக்குடன் ஹூஸ்டன் அலுவலகத்துக்கும் வந்துகொண்டுதான் இருந்தன. வெடிப்புக்கு இன்னும் 57 நிமிடங்கள் இருந்தன.

அந்த 57 நிமிடங்களை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த இரவு நானும் இதே நகரத்தில்தான், மறுநாள் சோதிக்க வேண்டிய வால்வுகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

பெரியவரின் மேசையில் தடைசெய்யப்பட்ட சொல் ஒன்று உண்டு: 'அநேகமாக'. இந்தக் கூட்டில் மருந்து ஊற்றிவிட்டாயா என்று கேட்டு, அநேகமாக ஊற்றிவிட்டேன் என்று சொன்னால், அவர் பேசாமல் பலகையைத் தூக்கி ஐம்பது கூடுகளின் மருந்தையும் டப்பாவில் கொட்டிவிடுவார். மக்கோண்டோ விசாரணையில் வெளிவந்த மின்னஞ்சல் ஒன்றை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். கிணற்றுக்குள் இறக்கும் குழாய் நடுவில் நேராக நிற்பதற்காக அதைச் சுற்றி வளையங்கள் மாட்டுவார்கள். சிமெண்ட் வேலையைச் செய்த ஹாலிபர்ட்டன் நிறுவனம் 21 வளையங்கள் வேண்டும் என்று சொன்னது; பி.பி. போட்டது 6. அதைப் பற்றி பி.பி. பொறியாளர் ஒருவர் சக ஊழியருக்கு எழுதினார்: முடிந்துபோன விஷயம், யாருக்கென்ன, அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும் என்ற பொருளில். பெரியவர் அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

குறைந்த வளையங்களால்தான் வெடித்தது என்று ஜனாதிபதி அமைத்த தேசிய ஆணையம் திட்டவட்டமாகச் சொல்லவில்லை என்பதையும் நான் இங்கே எழுதியாக வேண்டும். அந்த மின்னஞ்சல் காட்டுவது பழக்கத்தை. அதே பழக்கம் வேறு இடங்களிலும் தெரிகிறது. சிமெண்ட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கருவி இறக்கிப் பார்ப்பதற்காக ஷ்லம்பர்ஜர் நிறுவன ஆட்களை வரவழைத்திருந்தார்கள். அந்தச் சோதனை தேவையில்லை என்று முடிவாகி, 20-ஆம் தேதி காலையில் அவர்கள் ஹெலிகாப்டரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அன்றுதான் பி.பி.யிலிருந்தும் டிரான்ஸ்ஓஷனிலிருந்தும் மேலதிகாரிகள் மேடைக்கு வந்திருந்தார்கள். வேலை நாள் இழக்கும் விபத்து ஏழு ஆண்டுகளாக நேராத மேடை என்று பாராட்டுவதும் அவர்கள் வந்த காரணங்களில் ஒன்று.

மேடை டிரான்ஸ்ஓஷனுடையது. கிணறு பி.பி.யுடையது. சிமெண்ட் ஹாலிபர்ட்டன் இட்டது. கடைசித் தற்காப்பாகக் கடலடியில் நின்ற பிளோஅவுட் பிரிவென்டர் என்ற ராட்சத வால்வு அடுக்கு கேமரூன் நிறுவனம் செய்தது. குழாயை வெட்டி மூட வேண்டிய அதன் கத்திகள் வேலையை முடிக்கவில்லை. அந்தக் கருவியின் மின் இணைப்பில் ஒன்று தவறாகக் கொடுக்கப்பட்டிருந்ததும், மின்கலம் ஒன்று பலவீனமாகிப் போயிருந்ததும் பின்னால் தெரியவந்தன. வால்வுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மே 11 அன்று மூன்று நிறுவனங்களின் உயர் அதிகாரிகளும் செனட் குழுவின் முன் உட்கார்ந்தார்கள். கருவி மூடவில்லை என்றது பி.பி. சிமெண்டும் கிணற்றுத் திட்டமும்தான் கோளாறு என்றது டிரான்ஸ்ஓஷன். பி.பி. கொடுத்த திட்டப்படித்தான் செய்தோம் என்றது ஹாலிபர்ட்டன். கிணறு அப்போதும் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து ஜனாதிபதி ஒபாமா அந்தக் காட்சியை வெளிப்படையாகக் கண்டித்தார்.

பிறகு சதவீதங்கள் வந்தன. 2014 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நீதிபதி கார்ல் பார்பியர் தீர்ப்பெழுதினார்: பி.பி. 67 சதவீதம், டிரான்ஸ்ஓஷன் 30, ஹாலிபர்ட்டன் 3. பி.பி.யின் நடத்தை வெறும் கவனக்குறைவு அன்று, படுமோசமான அலட்சியம் என்றும் சொன்னார். அந்தத் தொலைபேசி அழைப்புக்கு அவர் தீர்ப்பில் பெரிய இடம் உண்டு. ஒரு சொல்லின் விலை என்ன என்பதை அந்த வழக்கில்தான் கற்றேன். சாதாரணக் கவனக்குறைவு என்றால் பீப்பாய்க்கு அதிகபட்சம் 1,100 டாலர் அபராதம். படுமோசமான அலட்சியம் என்றால் 4,300 டாலர். அதனால்தான் எத்தனை பீப்பாய் கொட்டியது என்பதற்கே தனி விசாரணை நடந்தது. அரசு 41.9 லட்சம் என்றது, பி.பி. 24.5 லட்சம் என்றது, நீதிபதி 31.9 லட்சம் என்று முடித்தார். கடைசியில் 2,080 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அந்த நீதிபதியின் தீர்ப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அவ்வளவு பொறுமையாக ஒரு தவறைப் பிரித்துப் பார்த்த எழுத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. இருந்தாலும் அந்த மூன்று எண்களையும் பார்க்கும்போது, பங்காளிகள் சொத்துப் பிரிப்பதுபோலப் பழியைப் பிரித்துக்கொண்டார்களே என்ற ஆற்றாமை எழுவதைத் தடுக்க முடியவில்லை.

ஆட்களின் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. பி.பி. நிறுவனம் என்ற முறையில் 11 மரணங்களுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மனிதர்களில், மேடையில் இருந்த பி.பி. மேற்பார்வையாளர்கள் இருவர்மீது அந்த 11 மரணங்களுக்கும் வழக்குப் போட்டார்கள். 2015 இறுதியில் அரசே அந்தக் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. ஒருவர் நீர் மாசுச் சட்டத்தின் கீழ் ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு வீட்டுக்குப் போனார். மற்றவரை 2016-இல் ஜூரி விடுதலை செய்தது. வெடிப்புக்காக யாரும் சிறைக்குப் போகவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கும் பெரியவருக்கும் ஒத்துப்போகாது. அந்த இருவரும் தப்பியது தவறு என்பது அவர் கட்சி. "முள்ளைப் பார்த்தவன் அவன். கை அவனுடையது. நிறுத்தியிருக்க வேண்டும்." மேடையில் வாழ்ந்தவர் சொல்லும்போது மறுப்பது எளிதல்ல. ஆனால் நான் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதி ஒரு கோடியே பத்து லட்சம் காலன் எண்ணெயைக் கொட்டியபோது, உலகம் முழுவதும் குடித்திருந்த கேப்டனைப் பற்றித்தான் பேசியது. போதையில் கப்பலை நடத்தினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவரை விடுவித்துவிட்டது. அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது பட்டியல் நீண்டது: களைப்பால் தடுமாறிய மூன்றாம் அதிகாரி, சரியான கண்காணிப்பைத் தராத கேப்டன், போதிய ஓய்வோடு போதிய ஆட்களைத் தராத நிறுவனம், கப்பல்களைக் கண்காணிப்பதில் கோட்டைவிட்ட கடலோரக் காவல்படை. இவ்வளவையும் ஒரு மனிதனின் மதுக் கோப்பைக்குள் ஊற்றிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கினோம். பழியைப் பிரித்துப் பிரித்து யாருக்கும் வலிக்காத அளவுக்கு ஆக்குவது ஒரு அநியாயம் என்றால், கடைசியாகக் கை வைத்தவன் தலையில் மொத்தத்தையும் கட்டுவது அதற்குச் சற்றும் குறையாத அநியாயம்.

"மேடையில் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம் என்று விதி இருக்கிறதே சார். நீங்கள் எத்தனை முறை நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இரண்டு முறை" என்றார். கொஞ்சம் பொறுத்து மீதியைச் சொன்னார். முதல் முறை கைகுலுக்கினார்கள், தொப்பி ஒன்று பரிசாகக் கிடைத்தது. இரண்டாவது முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கிணற்றுக்கான ஆள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாடகையும் மற்றதும் சேர்த்து மக்கோண்டோ போன்ற மேடைக்கு ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலர் வரை ஆகும். அந்தக் கிணறு ஏற்கெனவே பல வாரங்கள் பின்தங்கியிருந்தது. விதிப் புத்தகம் நிறுத்தச் சொல்கிறது. மேடையில் ஒவ்வொருவர் காதிலும் ஓடிக்கொண்டிருப்பது அந்த மீட்டரின் சத்தம்.

என் கராஜ் மேசைக்கும் மேடைக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மேசையில் அவசரப்படுபவன் நான், அவசரத்தால் ஆதாயம் பெறுபவன் நான், பிசகினால் விரலை இழப்பவனும் நான். அதனால் 'கைப்பிடியை இழுத்தது யார்' என்ற ஒரு கேள்வியே போதும். மேடையில் இந்த மூன்று பேரும் மூன்று இடத்தில் இருக்கிறார்கள். அவசரம் ஹூஸ்டனில், ஆதாயம் லண்டனில், சாவு கடலில். அதற்கும் அப்பால், கைப்பிடியைப் பார்த்தேயிராத நான்காவது ஆள் ஒருவர் கரையில் வலையோடு நிற்கிறார். 2010 கோடையில் நான் லூசியானாவின் கிராண்ட் ஐல் தீவுக்குப் போயிருந்தேன். கரை நெடுக ஆரஞ்சு நிறத் தடுப்பு மிதவைகள். வெள்ளை உடுப்பு அணிந்த கூலியாட்கள் தார் உருண்டைகளை மண்வாரியால் பிளாஸ்டிக் பைகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு முற்றம் நிறைய வெள்ளைச் சிலுவைகளை நட்டு, அந்தக் கோடையில் தங்களிடமிருந்து பறிபோனவற்றின் பெயர்களை ஒவ்வொன்றிலும் எழுதி வைத்திருந்தார்கள். இறால் படகுகள் கட்டிக் கிடந்தன. 67, 30, 3 என்ற கணக்கில் அந்தப் படகுக்காரர்களுக்கு எந்த இடமும் இல்லை. அவர்கள் எதையும் இழுக்கவில்லை.

ஆகவே பழி எங்கே போய்ச் சேர வேண்டும் என்று என்னைக் கேட்டால், நிறுத்தும் அதிகாரமும் நிறுத்தாததால் வரும் லாபமும் எங்கே சேர்ந்திருக்கின்றனவோ அங்கேதான் என்பேன். 8:52 அழைப்பின் இரு முனைகளில் ஹூஸ்டன் முனையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெரியவர் இன்றுவரை இதை முழுதாக ஏற்கவில்லை. "நீ மேசைக்காரன், அதனால் மேசையைத் திட்டுகிறாய். நான் மேடைக்காரன், அதனால் மேடையைத் திட்டுகிறேன்" என்றார் ஒருமுறை. அதில் உண்மை இருக்கிறது. அவரவர் வீட்டுக் குற்றத்தை அவரவர் முதலில் பார்ப்பது நல்ல பழக்கம்தான் என்று எனக்குத் தோன்றியது.

துப்பாக்கி வெடித்துச் சிதறும்போதும் இதே மூன்று முனைச் சண்டைதான் நடக்கும். நீ செய்த தோட்டா, எனவே உத்தரவாதம் செல்லாது என்பார்கள் துப்பாக்கி செய்தவர்கள். கையேட்டின் அளவை மீறியிருப்பாய் என்பார்கள் மருந்து விற்றவர்கள். சுட்டவரோ இரும்பில் குறை என்பார். அதற்காகத்தான் குறிப்பேடு. தேதி, எந்த மருந்து, எந்தத் தொகுப்பு எண், எந்தக் கையேட்டின் எந்தப் பக்கம், எத்தனை கிரெயின் எடை, எத்தனை கூடு. பெரியவரின் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மையால் எண் போட்டிருக்கும். தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம். கிழிக்கக் கூடாது. ஹாலிபர்ட்டன் செய்தது அதைத்தான். வெடிப்புக்குப் பிறகு ஆறு வளையங்களையும் 21 வளையங்களையும் ஒப்பிட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முடிவுகளை அழிக்கச் சொன்னார்கள். 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சட்டம் அனுமதித்த அதிகபட்ச அபராதம் 2 லட்சம் டாலர். பதினொரு பேர் இறந்த ஒரு விபத்தின் பக்கத்தைக் கிழித்ததற்கு.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். குண்டைத் தட்டியெடுத்த பிறகு என் குறிப்பேட்டைத் திறந்தோம். அந்தத் தோட்டாக்களைச் செய்தது செவ்வாய் இரவு. ஓரத்தில் நானே எழுதியிருந்தேன்: 'அக்கா போன்'.

அக்கா இருப்பது எர்ணாவூர் பக்கம். அந்த ஆண்டு ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. பிறகு கறுப்புக் கூழ் கரைக்கு வந்தது. "வாளி வாளியாக அள்ளுகிறார்கள்டா. கையுறைகூட இல்லாமல் பிள்ளைகள் நிற்கிறார்கள். கசிவே இல்லை என்று சொன்னார்களே, இது எங்கிருந்து வந்தது?" என்று அக்கா கேட்டாள். மீன் வாங்க ஆளில்லை என்றாள். இறந்த கடலாமை ஒன்றைப் பார்த்ததைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நான் கராஜுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே அரை மணி நேரம் பேசினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடங்கினேன். அது விட்ட இடம் இல்லை.

கடலில் யார் கொட்டினார்கள் என்று ஆத்திரத்தோடு பேசிக்கொண்டிருந்த அதே அரை மணி நேரம்தான் என் பலகையில் ஒரு கூட்டை வெறுமையாக விட்டது. அக்காமீது பழியில்லை, கருவிமீது பழியில்லை. எழுந்தவன் நான். டார்ச் அடித்துப் பார்க்காமல் குண்டை வைத்தவனும் நான். பெரியவர் பேனாவைக் கொடுத்தார். அந்தக் குறிப்பின் கீழே அதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன்.

கடவுள்மேல் பழி போடுவதும் சட்டத்தில் உண்டு. 2004-இல் ஐவான் சூறாவளி கிளப்பிய கடலடிச் சேற்றுச்சரிவு டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் மேடையை லூசியானாவுக்கு வெளியே சாய்த்தது. அதன் அடியில் கிணறுகள் கசிந்தன, ஆண்டுக்கணக்காக. வெளியுலகத்துக்கு அது தெரியவந்ததே 2010-இல் பி.பி. கசிவைப் பார்க்க வானில் பறந்தவர்கள் வேறொரு எண்ணெய்ப் படலத்தைக் கண்டபோதுதான். இயற்கையின் செயல் என்று நிறுவனம் வாதாடியது. 2019-இல்தான் கடலோரக் காவல்படை ஏற்பாட்டில் எண்ணெயைப் பிடிக்கும் அமைப்பு ஒன்று கடலடியில் வைக்கப்பட்டது. 2021 இறுதியில் சமரசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் வந்தபோது, வெள்ளத்தைக் காரணம் காட்டும் பேச்சு எழுந்ததும் எனக்கு அந்த வழக்குத்தான் நினைவுக்கு வந்தது. புயல் வரும் கடலில் மேடை நடுபவருக்கும், வெள்ளம் வரும் நிலத்தில் எண்ணெய் தேக்குபவருக்கும் அது தெரியாத செய்தியா? அக்கா அந்த முறையும் அழைத்தாள். நான் மேசையைவிட்டு எழுந்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினேன்.

எக்ஸான் வால்டெஸுக்குப் பிறகு 1990-இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. கசிவு நேர்ந்தால் விசாரணை முடியும்வரை காத்திராமல், பொறுப்பாளி என்று சட்டம் அடையாளம் காட்டும் தரப்பே சுத்தம் செய்யவும் இழப்பீடு கொடுக்கவும் தொடங்க வேண்டும். மற்றவர்களோடு கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். கடல் மேடைகளுக்கு இழப்பீட்டு உச்சவரம்பாக 7.5 கோடி டாலரை மட்டும் வைத்தது அதன் பெரிய ஓட்டை. ஆனாலும் அந்தச் சட்டத்தின் அடிப்படையை நான் மதிக்கிறேன். தோண்டத் தொடங்கும் முன்பே கைப்பிடியில் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. எண்ணூர்க் கரையில் பிள்ளைகள் வாளியோடு நின்றபோது அப்படி ஒரு பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெரியவருக்கு இப்போது கை நடுங்குகிறது. மருந்து அளப்பதை என்னிடம் விட்டுவிட்டார். மேசையோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். போன ஞாயிறு ஐம்பது கூடுகளையும் நிரப்பி முடித்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒரே உயரத்தில் தெரிந்தது. நான்காவது வரிசையில் ஒன்று மட்டும் ஒரு மயிரிழை உயர்ந்திருப்பதுபோல் பட்டது. வெளிச்சத்தின் கோணமாக இருக்கலாம். அவரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டி நிறுத்தேன். முள் சரியான இடத்தில் நின்றது.

"மற்றவை?" என்றார்.

பலகையைத் தூக்கி, மீதி நாற்பத்தொன்பதையும் டப்பாவில் கொட்டிவிட்டு, முதல் கூட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன்.